பழைய டிராயிங்கும் பறக்கும் டிராகனும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"உங்களுக்குப் பிடிச்ச ஒரு புத்தகத்தைப் பத்திப் பேசுங்க சார்" என்றார் சங்கச் செயலாளர். ஏதாவது தொழில்நுட்ப நூலோடு வருவேன் என்று நினைத்திருப்பார். நான் கொண்டுவந்திருப்பது டிராகன் கதை! ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 2018இல் வெளியிட்ட 'ஃபயர் அண்ட் பிளட்'. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரை விடிய விடியப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அந்தக் கதைக்கு ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன் நடந்த குடும்பச் சண்டைதான் இந்த நூலின் உச்சம்.

நாவலின் கணக்கில் 101ஆம் ஆண்டு, பிரபுக்கள் கூடி அடுத்த வாரிசாக விசேரிஸைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெண்ணுக்கும் பெண் வழி வந்தவருக்கும் பட்டம் இல்லை என்று பலரும் அதற்குப் பொருள் கொள்கிறார்கள். அதே விசேரிஸ் அரசரானபின், 105இல், தன் மகள் ரெய்னைராவை வாரிசாக அறிவித்து, பிரபுக்களைச் சத்தியம் செய்ய வைக்கிறார். பிறகு இரண்டாம் மனைவிக்கு ஏகான் என்ற மகன் பிறக்கிறான். இப்போது எது செல்லும்? 101ஆம் ஆண்டு வழக்கமா, 105ஆம் ஆண்டுச் சத்தியமா?

சைட்டில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழகிய சங்கதி. நான் இருந்த ஓர் இடத்தில், பவுண்டேஷன் போல்ட்டைப் பழைய டிராயிங்படி பதித்துவிட்டார்கள். மெஷினோ புது டிராயிங்படி வந்து இறங்கியது. துளையும் போல்ட்டும் சேரவில்லை. காய்ந்த கான்கிரீட்டை உடைக்க வேண்டியதாயிற்று. இதற்காகத்தான் பழைய தாளில் 'சூப்பர்சீடட்' என்று முத்திரை குத்துகிறோம். விசேரிஸ் குத்தாதது அந்த ஒரு முத்திரைதான்.

அவர் கெட்டவர் இல்லை. நல்ல மனுஷன். சச்சரவு என்றாலே ஆகாது. மகன் பிறந்து 20 ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்தும் அந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. 129இல் அவர் கண்ணை மூடியதும், அரண்மனைக்காரர்கள் சாவுச் செய்தியை மறைத்து ஏகானுக்கு முடிசூட்டுகிறார்கள். அக்காவிடமும் டிராகன், தம்பியிடமும் டிராகன். விடுவார்களா?

முடிவைக் கேளுங்கள். தம்பியின் டிராகனுக்கு அக்கா இரையாகிறாள். தம்பியும் நஞ்சுக்குப் பலியாகிறான். தலைநகரத்து மக்களே வெகுண்டெழுந்து டிராகன் கொட்டடிக்குள் புகுந்து அவற்றைக் கொல்கிறார்கள். சிம்மாசனத்தில் மிஞ்சுவது, தாய் இரையானதைக் கண்ணால் பார்த்த ஒரு சிறுவன். அவன் ஆட்சியில், 153இல், கடைசி டிராகனும் செத்துப்போகிறது. எந்தப் பலத்தை நம்பிச் சண்டைக்குப் போனார்களோ அந்தப் பலமே சண்டையில் அழிந்தது.

கட்டுக்கதைதானே என்று தள்ளிவிடாதீர்கள். இங்கிலாந்து அரசர் முதலாம் ஹென்றியின் மகன் 1120இல் கப்பல் விபத்தில் இறந்தார். அரசர் தன் மகள் மட்டில்டாவுக்காகப் பிரபுக்களிடம் சத்தியம் வாங்கினார். 1135இல் அவர் இறந்ததும், சத்தியம் செய்தவர்களில் ஒருவரான மருமான் ஸ்டீபனே முடிசூடிக்கொண்டார். பல ஆண்டு உள்நாட்டுப் போர். 1153இல் உடன்பாட்டுக்கு வந்தார்கள்: ஸ்டீபன் காலம் வரை ஸ்டீபன், அதன்பின் மட்டில்டாவின் மகன். கடைசியில் தேவைப்பட்டது, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரே டிராயிங்.

மாணவச் செல்வங்களே, நாளைக்கு உங்கள் கையிலும் டிராகன் இருக்கும்: படிப்பு, பதவி, பணம், ஆள்பலம். 'யார் சொல்வது செல்லும்?' என்ற கேள்விக்கு டிராகன் பதில் சொல்லாது; எரிக்கத்தான் தெரியும். வேலையில் சேர்ந்த முதல் நாளே கூச்சப்படாமல் கேளுங்கள்: "சார், இதுல எந்த டிராயிங் செல்லும்?"

பெரியவர்களுக்கு ஒரே விண்ணப்பம். பதவியோ, சொத்தோ, நம் சங்கப் பொறுப்போ, முடிவைத் தெளிவாகச் சொல்லி எழுதி வைத்துவிடுங்கள். கொஞ்சம் மனக்கசப்பு வரும். வரட்டும். கான்கிரீட் காய்வதற்கு முன் வருகிற கசப்பு நல்லது.