கறியா, கரியா?

நம் உணவகங்களில் தமிழில் எழுதி மாட்டியிருக்கும் உணவுப் பட்டியலை நின்று படித்ததுண்டா? சில இடங்களில் 'சிக்கன் கரி' என்று இருக்கும். கரி என்றால் அடுப்புக்கரி. கோழியைக் கரியாக்கித் தருவதாகக் கடைக்காரரே விளம்பரம் செய்கிறார்! நம்மிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல், ஆங்கில உச்சரிப்போடு வீடு திரும்பியதால் வந்த வினை இது.

கறி என்பது பழைய சொல். சங்க இலக்கியத்தில் அது மிளகைக் குறித்தது. யவனர் கலங்கள் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பியதைச் சொல்லும் அகநானூற்றுப் பாடலில், மிளகுக்கு வரும் சொல் கறிதான். மிளகாய் அப்போது நம் மண்ணிலேயே இல்லை. அது பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக வந்தது.

ஐரோப்பியர் நம் சமையலைச் சுவைத்தபோது இந்தச் சொல்லையும் எடுத்துக்கொண்டார்கள். 1747-இல் லண்டனில் ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணி எழுதிய சமையல் நூலில் 'இந்திய முறையில் கறி' என்று ஒரு குறிப்பு உண்டு. கோழி அல்லது முயல், வெங்காயம், மிளகு, வறுத்த கொத்தமல்லி விதை. மிளகாய் இல்லை. பிறகு வெள்ளைக்காரர்கள் புட்டியில் அடைத்த கறித்தூளை உண்டாக்கி, மசாலா போட்டுக் கொதித்ததற்கெல்லாம் ஒரே பெயரை வைத்துவிட்டார்கள். ஜப்பானியர் அதைக் 'கரே' என்கிறார்கள். சீனர் 'காலி' என்கிறார்கள். நம் நாட்டில் கறி மீயும் கறிபாப்பும் எல்லா இனத்தாரின் தட்டிலும் இருக்கின்றன. இதில் பெருமைப்படுவதில் தவறில்லை.

ஆனால் பெருமையோடு ஓர் இழப்பும் சேர்ந்தே வந்தது. நம் வீட்டில் குழம்பு வேறு, குருமா வேறு, கூட்டு வேறு, பெரட்டல் வேறு. ஆங்கிலத்தில் எல்லாமே 'கரி'. தமிழருக்குள்ளேயே கறி என்பதற்கு ஒரே பொருள் கிடையாது. யாழ்ப்பாணத்தாருக்குச் சோற்றோடு வரும் தொடுகறி எல்லாமே கறி, காய்கள் மரக்கறி. தமிழ்நாட்டில் பலருக்குக் கறி என்றால் இறைச்சி. அங்கிருந்து வரும் சைவ உறவினரிடம், "பருப்புக் கறி ஊத்தட்டுமா பெரியம்மா?" என்று இங்குள்ள பெண் அன்போடு கேட்டால், அவர் இலையைக் கையால் மறைத்துக்கொள்வார். கேட்டவருக்கும் வருத்தம், மறுத்தவருக்கும் சங்கடம். சாம்பார் என்றோ பருப்புக் குழம்பு என்றோ சொல்லியிருந்தால் தீர்ந்தது.

சிங்கப்பூரில் நடந்த ஒரு விஷயம் நேயர்கள் பலருக்கு நினைவிருக்கும். சீனாவிலிருந்து குடியேறிய ஒரு குடும்பம், பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பத்தின் கறி வாசனை தாங்க முடியவில்லை என்று சமரச மையத்துக்குப் போனது. அவர்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் கறி சமைப்பதென்று இந்தியக் குடும்பம் ஒப்புக்கொண்டது. அண்டை வீட்டார் அந்த உணவைச் சுவைத்துப் பார்ப்பதாகச் சொன்னார்கள். இச்செய்தி 2011-இல் நாளிதழில் வந்ததும் பெரும் மனக்கசப்பு எழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை, இன வேறுபாடின்றிப் பல வீடுகளில் கறி கொதித்தது. நம் சொல்லை எத்தனை பேர் தம் சொல்லாக நினைக்கிறார்கள் என்று அன்று தெரிந்தது.

இருந்தாலும் ஒரு கேள்வி மிச்சம். அந்த வீட்டு அடுப்பில் கொதித்தது கோழிக் குழம்பா, சாம்பாரா, கருவாட்டுக் குழம்பா? கருவாடு என்றால் நம்மவரிலேயே சிலர் சன்னலைச் சாத்துவார்கள்! அந்த ஒற்றை ஆங்கிலச் சொல் அதைச் சொல்லவில்லை.

ஆகவே மொழிபெயர்ப்பவர் முதலில் சட்டிக்குள் பார்க்க வேண்டும். இன்று பட்டியலைக் கணினியிடம் கொடுத்துத் தமிழாக்கி வாங்குபவர்களும் உண்டு. 'டிரை மட்டன் கரி' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'காய்ந்த ஆட்டுக்கறி' என்று வரும். அது உப்புக்கண்டம் ஐயா! 'ஆட்டிறைச்சிப் பெரட்டல்' என்று எழுதிப் பாருங்கள், படிக்கும்போதே நாக்கில் நீர் ஊறும்.