சொல்லை மாற்றுவதா, வாக்கியத்தை மாற்றுவதா?



சுகர் லேண்டில் எங்கள் பிள்ளைகள் பலர் கணினி நிரல் எழுதப் பழகுகிறார்கள். அவர்கள் மேக்ரோ, பேபல் என்று பேசும்போது பெற்றோர் ஒதுங்கிப் போகத் தேவையில்லை. ஒரு கணக்காளனுக்கு விளங்கிய அளவில் அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

எழுதிய நிரலைத் தானாகவே இன்னொரு வடிவத்துக்கு மாற்ற இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது மேக்ரோ. 'இந்தச் சொல் வந்தால் அந்த இடத்தில் இதைப் போடு' என்பதே அதன் அடிப்படை. சி மொழியில் ஓர் எண்ணின் வர்க்கத்துக்கு 'அ × அ' என்று மேக்ரோ எழுதியதாக வைத்துக்கொள்வோம். அதற்கு 2 + 3 ஐக் கொடுத்தால் 2 + 3 × 2 + 3 என்று விரியும். பெருக்கல் முதலில் நடப்பதால் விடை 11. வரவேண்டியதோ 25. அடைப்புக்குறி போட்டால் சரிவரும். ஆனால் போட மறந்தால் கணினி எச்சரிக்காது. பேரேட்டில் இப்படியொரு பிழை புகுந்தால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜாவாஸ்கிரிப்டுக்கு 2012இல் மொஸில்லாவில் ஸ்வீட் ஜேஎஸ் என்ற மேக்ரோக் கருவி வந்தது. அது சி மொழி மேக்ரோவைவிட நுட்பமானது. பெயர்கள் ஒன்றோடொன்று மோதாமலும் பார்த்துக்கொண்டது. என்றாலும் ஆளுக்கொரு புதுச்சொல் படைத்தால், அடுத்தவர் அந்த நிரலை வாசிக்கத் திணறுவார்.

இரண்டாவது, தொடரமைப்பு மரம். 2014இல் தொடங்கி 2015இல் பேபல் என்று பெயர் மாறிய கருவி இந்த வழியில் செல்வது. அது நிரல் முழுவதையும் வாசித்து, எது எதற்குள் அடங்கும் என்று மரமாக அமைத்து, வேண்டிய கிளையை மட்டும் மாற்றி, திரும்ப எழுதித் தரும். மரத்தில் 2 + 3 ஒரே கிளை, அது உடையாது. கருவி செய்வதற்கு உழைப்புக் கூட. ஆனால் ஆயிரம் கோப்புகளை மாற்ற இதுவே நம்பகமானது.

தமிழுக்கும் இதில் பாடமுண்டு. முத்தையா அண்ணாமலை உருவாக்கி 2009இல் கட்டுரையாக அறிமுகப்படுத்திய 'எழில்' ஒரு தமிழ் நிரல் மொழி. ஆங்கில நிரலில் 'இஃப்' முதலில் வரும், நிபந்தனை பின்னால் வரும். எழிலில் நிபந்தனை முதலில், 'ஆனால்' பின்னால். நாம் பேசுவதும் அப்படித்தானே? ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொற்களை வைத்தால் மட்டும் இந்த ஒழுங்கு கிடைத்திருக்காது. வாக்கியத்தின் அமைப்பையே தமிழுக்கு ஏற்ப வகுத்ததால் கிடைத்தது.

நாளை உங்கள் பிள்ளை தமிழுக்கு ஒரு கருவி செய்தால், இதை மட்டும் கேளுங்கள்: "நீ மாற்றுவது சொல்லையா, வாக்கியத்தையா?"