ரேகை வைக்கும் முன்னே
(வீடு வாங்குவோரும் விற்போரும் அறிய வேண்டியவை – கற்றல் மையப் பேச்சு)

கோபிநத்தம் என்ற பெயரைப் பலகையில் எழுதிப் பாருங்கள். அதில் 'நத்தம்' என்ற சொல் இருக்கிறது. நத்தம் என்றால் என்ன? வயலும் காடும் போக, மக்கள் வீடு கட்டிக் குடியிருக்கும் இடம். தமிழ்நாட்டுக் கணக்கில் அதை நத்தம் என்று எழுதுகிறார்கள். கர்நாடகக் கணக்கில் 'கிராமதாணா' என்று எழுதுகிறார்கள். ஊரின் பெயரிலேயே வீட்டு மனை இருக்கிறது. இன்றைய பேச்சும் வீட்டைப் பற்றியதுதான்.

இந்த ஊர் 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்தது. இப்போது சாமராஜநகர் மாவட்டத்தில், ஹனூர் தாலுகாவில் இருக்கிறது. வீட்டில் பேசுவது தமிழ். பத்திரம் எழுதுவது கன்னடம். ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

ஒருவர் பணமுடை காரணமாக வீட்டை அடமானம் வைக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். காட்டிய இடத்தில் ரேகை வைக்கிறார். ஆனால் தாளில் 'கிரயம்' என்று இருக்கிறது. கடனை அடைக்கப் போகும்போதுதான் வீடு கைவிட்டுப் போனது தெரிகிறது. அழுது என்ன பயன்?

கிரயம் என்றால் விற்பனை. அடமானம் என்றால் ஈடு. தானம் என்றால் இலவசமாகக் கொடுப்பது. கன்னடத்திலும் கிரய, அடமான, தான என்றே இவற்றைச் சொல்கிறார்கள். காதுக்குப் பழைய சொற்கள்தாம். எழுத்துத்தான் புதிது. இந்த மூன்று சொற்களையும் கன்னட எழுத்தில் படிக்கக் கற்றவரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

எந்த நிலம்?

வீட்டைப் பார்க்கும் முன் நிலத்தைப் பார்க்க வேண்டும். இந்தப் பகுதியைச் சுற்றிக் காடு. 1987ஆம் ஆண்டு காவிரி வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஆகவே மனை ஊர் நத்தத்தில் இருக்கிறதா, வன எல்லைக்குள் இருக்கிறதா என்பதை முதலில் கேட்க வேண்டும்.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வந்தது. அதன்படி சிலருக்கு நில உரிமை கிடைக்கிறது. அந்த உரிமை பிள்ளைகளுக்குப் போகும். ஆனால் அதை விற்க முடியாது. அதை வாங்குபவருக்குப் பணம்தான் போகும், நிலம் வராது.

தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் அரசு கொடுத்த நிலத்துக்குக் கர்நாடகத்தில் 1978ஆம் ஆண்டுச் சட்டம் காவல் நிற்கிறது. அரசின் முன் அனுமதி இல்லாமல் அதை விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. அரசுத் திட்டத்தில் கிடைத்த வீட்டுக்கும் நிபந்தனை இருக்கலாம். அந்தப் பத்திரத்தைப் படித்துப் பார்க்க வேண்டும்.

யாருடைய வீடு?

விற்பவர் ஒருவராக இருக்கலாம். வீடு ஒருவருடையதாக இல்லாமல் இருக்கலாம். அப்பா வழி வந்த பூர்வீகச் சொத்தில் மகனுக்கு எவ்வளவு பங்கோ, மகளுக்கும் அவ்வளவு பங்கு. இந்து குடும்பங்களுக்கு இதைக் கர்நாடகம் 1994லேயே சட்டமாக்கியது. 2005ல் நாடு முழுவதற்கும் வந்தது. 2020ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. கொளத்தூருக்கோ மேட்டூருக்கோ கட்டிக் கொடுத்த மகளுக்கும் பங்கு உண்டு. அவர் கையெழுத்து இல்லாமல் வாங்கினால், நாளை வழக்கு வரும்.

பங்காளிகளில் பதினெட்டு வயது ஆகாத பிள்ளை இருந்தால், வக்கீலைக் கேட்காமல் வாங்கக் கூடாது. இந்துப் பிள்ளையின் சொந்தச் சொத்தை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும்.

எந்தத் தாள்?

விற்பவரிடம் மூலப் பத்திரத்தைக் கேட்க வேண்டும். நகல் போதாது. அசல் எங்கே? வட்டிக்காரரிடம் இருக்கலாம்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுக்க வேண்டும். முப்பது ஆண்டுக்கு எடுப்பது நல்லது. பதிவான விற்பனையும் அடமானமும் அதில் தெரியும். பதிவாகாத வாய்ப்பேச்சுக் கடனும் பாகப்பிரிவினையும் தெரியாது. அதனால் அக்கம்பக்கத்திலும் விசாரிக்க வேண்டும்.

கிராமப் பஞ்சாயத்தில் கத்தா இருக்கும். 2013 முதல் இது 'இ-சொத்து' என்ற கணினிப் பதிவாகக் கிடைக்கிறது. கர்நாடகத்தில் இது 'இ-ஸ்வத்து' எனப்படும். அதில் பெயர், அளவு, நான்கு எல்லை சரியா என்று நேரில் அளந்து பார்க்க வேண்டும். கந்தாய ரசீதையும் பார்க்க வேண்டும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கத்தா என்பது வரி கட்டுபவரின் பெயர். சொத்துக்கு உரிமை தருவது பதிவான பத்திரம்தான்.

நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீட்டைப் பதிவு செய்துதான் விற்க முடியும். முத்திரைத் தாளில் எழுதி வைத்தால் போதாது. பவர் பத்திரம் வாங்கினால் வீடு சொந்தமாகாது. 2011ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது.

பணம் எப்படி?

2015 ஜூன் 1 முதல் ஒரு விதி இருக்கிறது. வீடு, நில விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. முன்பணமும் இதில் சேரும். மீறினால் வாங்கிய தொகை அளவுக்கு அபராதம் வரலாம். அந்த அபராதம் பணம் வாங்கிய விற்பனையாளர் மேல் விழும். வங்கி வழியாகக் கொடுத்தால் இருவருக்கும் சாட்சி இருக்கும்.

பதிவுச் செலவையும் முன்பே கணக்கிட வேண்டும். முத்திரைக் கட்டணம் தனி. பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் 31 முதல் கர்நாடகத்தில் 1 சதவீதத்திலிருந்து 2 சதவீதம் ஆகியது.

விற்பவர் கவனிக்க

விற்பவர் ஏமாற்றக் கூடாது, ஏமாறவும் கூடாது. வீட்டில் கடன், வழக்கு, வழித் தகராறு இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். விற்கும் நாள் வரை உள்ள கந்தாயத்தை அவரே கட்ட வேண்டும். முழுப் பணமும் வங்கியில் வந்ததா என்று பார்க்காமல் கிரயப் பத்திரத்தில் ரேகை வைக்கக் கூடாது. "நாளைக்குத் தருகிறேன்" என்ற பேச்சு பத்திரத்தில் ஏறாது.

பதிவு நாளில்

பத்திரம் எழுதிய நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுக்க வேண்டும். கன்னடம் படிக்கத் தெரிந்த நம்பிக்கையான ஒருவரை அழைத்துப் போக வேண்டும். அவர் எதிர்த் தரப்பு ஆளாக இருக்கக் கூடாது. பத்திரத்தை முதல் வரி முதல் கடைசி வரி வரை தமிழில் சொல்லக் கேட்க வேண்டும். "இதை எழுதிக் கொடுத்தது நீங்கள்தானா?" என்று சார்பதிவாளர் விசாரிப்பார். புரியாமல் "ஆம்" சொல்லக் கூடாது. "எனக்குப் புரியவில்லை" என்று சொல்வதில் வெட்கம் இல்லை. வீட்டை இழப்பதில்தான் வேதனை.

பதிவு முடிந்ததும் வாங்கியவர் கத்தாவைத் தம் பெயருக்கு மாற்ற வேண்டும். கணவன், மனைவி இருவர் பெயரிலும் வாங்கினால் குடும்பத்துக்குப் பாதுகாப்பு.

சந்தேகம் வந்தால்? பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோருக்கும், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம். தாலுகா சட்ட உதவிக் குழுவிடமும் போகலாம்.

நினைவில் வையுங்கள்:

நிலம் எது? கேளுங்கள்.
பங்காளி யார்? கேளுங்கள்.
அசல் பத்திரம் எங்கே? கேளுங்கள்.
பணம் வங்கியில் வந்ததா? பாருங்கள்.
தாளில் என்ன எழுதியிருக்கிறது? படியுங்கள்.

ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்பார்கள். எழுத்து தெரியாமல் விரலையும் வைக்கக் கூடாது. இன்று இரவு பெட்டியைத் திறந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அதில் யார் பெயர் இருக்கிறது? நாளை மையத்துக்கு வரும்போது அந்தப் பெயரைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள்.