நூலக வாசலில் ஒரு நினைவுத் தோட்டம்



வழக்கமாகக் கேள்வி கேட்பது என் வேலை. இன்று பதில் சொல்லும் நாற்காலியில் அமர்ந்திருக்கிறேன். 'பொது நூலகத்தில் நினைவுத் தோட்டம் தேவையா?' என்பது தலைப்பு. தேவை என்பதே என் பதில்.

தோட்டம் என்றால் வேறு ஊரில் பூச்செடியும் காய்கறியும் ஞாபகத்துக்கு வரலாம். நமக்கு வருவது லயத்து வீடும் பெரட்டுக் களமும் பால்மரமும்தான். 'நீங்க எந்தத் தோட்டம்?' என்று கேட்டுத்தான் நம் பெரியவர்கள் உறவு கொண்டாடினார்கள்.

இன்று செக்‌ஷன் எண்களால் அழைக்கப்படும் ஷா ஆலமும் ஒரு காலத்தில் ரப்பர், செம்பனைத் தோட்ட நிலம்தான். 1974-இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானது. 1978 டிசம்பர் 7-இல் ஷா ஆலம் சிலாங்கூரின் தலைநகராக அறிவிக்கப்பட்டது. நகரம் வளர்ந்தது நல்லதே. ஆனால், தோட்டத்தின் பெயரும் அங்கே உழைத்தவர் பெயரும் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன?

இந்தக் கேள்வி மிகவும் வலிக்கும் இடம் சயாம் மரண ரயில். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டார்கள். மலாயாவிலிருந்து கொண்டு போகப்பட்டவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் இறந்த ஆசியத் தொழிலாளர்கள் 80 ஆயிரம் முதல் ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. இறந்த போர்க்கைதிகள் ஏறக்குறைய 13 ஆயிரம் பேர்.

காஞ்சனபுரி போர்க் கல்லறைக்குப் போனால், ஏறக்குறைய ஏழாயிரம் போர்க்கைதிகள் அடக்கமான இடத்தைப் பார்க்கலாம். பெரும்பாலான கற்களில் பெயரும் வயதும் உண்டு. புல் வெட்டி, பூச்செடி வைத்து இன்றும் பராமரிக்கிறார்கள். நம்மவர்களில் மிகப் பலருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

'அதற்குக் கோவிலில் ஒரு பலகை வைக்கலாமே, நூலகம் எதற்கு?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் மக்களின் இந்தத் துயரத்தை முதலில் காப்பாற்றி வைத்தவை புத்தகங்கள். ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலை எழுதினார். அ. ரெங்கசாமி தம் நாவலுக்கு வைத்த பெயரே 'நினைவுச் சின்னம்'. கல் கிடைக்காதவர்களுக்கு எழுத்தாளர்கள் புத்தகத்தால் சின்னம் எழுப்பினார்கள். அந்தப் புத்தகம் இருக்க வேண்டிய இடம் நூலகம். மலாய்க்கார மாணவரும் சீன மாணவரும் நம் பிள்ளைகளோடு சேர்ந்து வந்து போகும் இடமும் அதுதான்.

யாழ்ப்பாணத்தை எண்ணிப் பாருங்கள். 1981 மே 31 இரவு மூட்டிய தீயில் அந்தப் பொது நூலகத்தின் ஏறக்குறைய 97 ஆயிரம் நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. கட்டடத்தைப் பின்னர் மீண்டும் கட்டினார்கள். இன்று அங்கே பிள்ளைகள் படிக்க வருகிறார்கள். படிக்க வரும் ஒவ்வொருவருக்கும் அந்த இரவின் கதை தெரிய வருகிறது. ஆண்டுக்கு ஒரு நாள் மாலை போடும் சிலையால் இது முடியுமா?

ஷா ஆலம் செக்‌ஷன் 13-இல் ராஜா துன் ஊடா நூலகம் இருக்கிறது. அதன் வளாகத்தில் ஒரு சிறிய மூலை போதும். இரண்டு பால்மரம், ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை. நடுவே மறைந்துபோன தோட்டங்களின் பெயர்ப் பலகை, மலாயிலும் தமிழிலும். பால் கோப்பைகளை மட்டும் அலங்காரமாகத் தொங்கவிட வேண்டாம். மழைநீர் தேங்கினால் டெங்கிக் கொசுவுக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்தது போலாகும்!

மரத்தை விட முக்கியமானது உள்ளே இருக்க வேண்டிய பெயரேடு. சயாமுக்குப் போனவர் பெயர், எந்தத் தோட்டம், திரும்பி வந்தாரா என்று குடும்பத்தார் சொல்லச் சொல்ல எழுதிக் கொள்ள வேண்டும். பழைய படம் இருந்தால் நகல் எடுத்துக்கொண்டு, அசலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்த ஏடு இல்லாவிட்டால், நாம் அமைப்பது இன்னொரு பூங்காவாகத்தான் இருக்கும்.

இதற்குச் சிலாங்கூர் பொது நூலகக் கழகத்தின் அனுமதி வேண்டும். பொது இயக்கங்கள் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுத்தால் நல்லது. ரிப்பன் வெட்டிய பிறகு யார் தண்ணீர் ஊற்றுவது என்பதையும் அந்த மனுவிலேயே எழுதிவிட வேண்டும்.

அனுமதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று உண்டு. அன்று தகப்பனைச் சயாமுக்கு அனுப்பிவிட்டு லயத்தில் நின்ற குழந்தைகளுக்கு இன்று எண்பதைத் தாண்டிய வயது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கேட்ட பெயரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தோட்டம் அமையும் நாளில் அந்தப் பெயர் நம் கையில் இருக்க வேண்டும்.