கபடி ஆடினா காலேஜ் சீட் கிடைக்குமா?

நிறைய பேர் கேட்ட கேள்வி இது. எங்க ஊர்க் கதையோட சொல்றேன்.

குமாரபாளையத்துல நான் ஆடின ஸ்கூல் டீம்ல பாதிப் பேர் வீட்டுல தறி. ராத்திரி பூரா தறிச் சத்தம், விடிஞ்சா மண் கிரவுண்டு. சீசன்னா மாசக்கணக்குல லீக் எல்லாம் இல்லீங்க. குறுவட்டம், மாவட்டம், அப்புறம் மாநிலம். பெரும்பாலும் நாக்-அவுட்தான். 30 செகண்ட் ரெய்டுல போனஸ் லைனைத் தாண்டினானா இல்லையான்னு அம்பயர் சொல்ற ஒரு வார்த்தையில அந்த வருஷமே முடிஞ்சிடும்.

அது ஏன் அவ்வளவு முக்கியம்னா, சான்றிதழ். பொறியியல் கலந்தாய்வுல விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடம். மாநிலம் முழுக்க, எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து! எந்த அளவுப் போட்டி ஆடினீங்கன்னு பார்த்துத்தான் வரிசைப்படுத்துறாங்க. மாவட்ட ஃபைனல்ல தோத்தவனும் ஜெயிச்சவனும் ஆட்டத்துல ஒரே தரமா இருக்கலாம். ஃபைல்ல அப்படி இல்ல.

அதனால எங்க சீனியர்கள்ல நிறைய பேர் போனது தனியார் காலேஜ் ‘ஃப்ரீ சீட்’ல. கோச் வந்து மேட்ச் பார்ப்பார். ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் உண்டு. நல்ல வழிதான், ஆனா எழுதி வாங்கணும். கூட ஆடின ஒருத்தனுக்கு ரெண்டாம் வருஷம் முட்டி போச்சு. உடனே செமஸ்டர் ஃபீஸ் கட்டச் சொல்லிட்டாங்க. பழைய டீம் அண்ணன்கள் காசு சேர்த்துக் கட்டினதாலதான் டிகிரி முடிச்சான்.

இப்போ லீவுல அவன்தான் பசங்களுக்கு ஆங்கிள் ஹோல்டு சொல்லித் தர்றான். ப்ராக்டீஸ் முடிஞ்சதும், பன்னெண்டாவது பசங்களை உக்கார வெச்சு அட்மிஷன் லெட்டரை வரி வரியா வாசிக்கவும் சொல்றான்.