பொறிவண்டு



அவரைக் கொடியின் இளந்தளிரில் அசுவினிப் பூச்சிகள் அப்பிக் கிடக்கும் இடத்தைச் சற்று உற்று நோக்குங்கள். அவற்றினிடையே கருஞ்சாம்பல் நிறமும், முதலைக் குஞ்சினை ஒத்த உடலும், ஆறு கால்களும் உடைய புழுவொன்று ஊர்ந்து திரியக் காணலாம். செடியைத் தின்னும் புழு என்றெண்ணி அதனை நசுக்கிவிடுவோர் பலர். முதுகில் கருங்கோடுகள் ஓடும் செம்மஞ்சள் பொறிவண்டு வந்தமர்ந்தால், கையில் ஏந்தி மகிழ்வோரும் அவர்களே. இரண்டும் ஒரே உயிரின் இரு பருவங்கள் என்பதைத் தொடக்கப்பள்ளியிலேயே கற்பித்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

தாய்வண்டு அசுவினி மலிந்த இலைகளின் அடிப்புறத்தில் மஞ்சள் நிற முட்டைகளைக் கொத்தாக நட்டு நிறுத்தினாற்போல் இடுகிறது. ஆகவே, பொரிந்து வரும் புழுவுக்கு இரை அருகிலேயே உண்டு. பசி மிகின் அது பொரியாத உடன்பிறப்புகளையும் தின்றுவிடும். பூச்சிகளிடம் நம் நீதிநூல்களைத் தேடலாகாது! மும்முறை தோலுரித்து வளர்ந்தபின், வால் நுனியை இலையில் ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிறது. அதிலிருந்து வெளிவரும் வண்டு முதலில் வெளிறி, மென்மையாக இருக்கும். சிறகு இறுகி நிறமேறச் சில மணி நேரம் ஆகும். புள்ளிகளை எண்ணி வயது கூறுவது வெறுங்கதை.

தலையென நாம் கருதும் முன்பகுதி, உண்மையில் மார்பின் முதற் கண்டத்தை மூடிய தகடு. சிறு தலை அதனடியில் ஒடுங்கியிருக்கிறது. பளபளக்கும் முன்சிறகுகள் இரண்டும் கவசமே. பறக்கும் பணி, அவற்றினடியில் மடிந்து கிடக்கும் மெல்லிய பின்சிறகுகளுக்கு உரியது. தொட்டால் கால்மூட்டுகளிலிருந்து மஞ்சள் நீர் கசியும். அது வண்டின் குருதியேயாகும். அதன் கைப்பு பறவைகளை விலக்குகிறது.

கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைச் செதிற்பூச்சி ஒன்று அழித்துவந்தபோது, 1888இல் ஆல்பர்ட் கீபலே என்பார் ஆஸ்திரேலியாவிலிருந்து பொறிவண்டுகளை அனுப்பினார். சில நூறு வண்டுகளே சென்றன. அவை பெருகி, இரண்டு ஆண்டுகளுக்குள் தோட்டங்களை மீட்டன. ஆயின் பிற்காலத்தில் டி.டி.டி. முதலிய நஞ்சுகளைத் தெளித்த இடங்களில் வண்டுகள் மடிய, அச்செதிற்பூச்சி மீண்டும் தலைதூக்கியது.

பொறிவண்டுக் குலத்திலும் பயிருண்ணிகள் உண்டு. கத்தரி இலையைச் சுரண்டிச் சல்லடையாக்கும் வண்டு அத்தகையது. அதன் முதுகு மயிரடர்ந்து மங்கலாக இருக்கும். புழுவோ மஞ்சள் நிறமாய், உடலெங்கும் கிளைத்த முட்களோடு இருக்கும். மருந்துத் தெளிப்பானை எடுக்குமுன் இலையைத் திருப்பி, அங்கிருப்பது எந்தப் புழு என்று பாருங்கள்.