கை நீளம் போதாத வயது
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



காலையில் பெயர் பதியும் மேஜையருகே ஒரு காட்சி. நம்ம செட்டில் பாதிப் பேர் நிகழ்ச்சி நிரலைக் கை எட்டும் மட்டும் நீட்டிப் பிடித்துப் படித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் இந்தக் கை நீட்டலுக்குப் பின்னால் நான் செய்த தவறு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. பக்கத்து நண்பரை அந்தச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அவர் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் உங்கள் விரலை நீட்டி, அதைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கண்ணும் மூக்குப் பக்கம் திரும்பும். நடுவிலுள்ள கருவட்டம், அதாவது கண்பாவை, சுருங்கும். மூன்றாவது வேலை வெளியே தெரியாது: உள்ளே சிலியரித் தசை சுருங்கும், லென்ஸைப் பிடித்திருக்கும் இழைகள் தளரும், லென்ஸ் உப்பிக்கொள்ளும். மூன்றுக்கும் கட்டளை போவது மூன்றாம் கபால நரம்பு வழியாகத்தான்.

பாவை ஏன் சுருங்க வேண்டும்? கேமரா பிடித்தவர்களுக்குத் தெரியும். துவாரம் சிறுத்தால் முன்னும் பின்னும் இருப்பவை கூடுதல் தெளிவாக விழும். நம் பாட்டிமார் ஊசியில் நூல் கோக்க வெளிச்சம் தேடித் திண்ணைக்கு வந்ததிலும் இந்தச் சூட்சுமம் உண்டு.

ஆனால் லென்ஸ் வயதாக ஆக விறைத்துப் போகிறது. 25 செ.மீ. தூரத்தில் பார்க்க 4 டயாப்டர் கூடுதல் சக்தி வேண்டும். 10 வயதில் 12-க்கு மேல் கைவசம் இருக்கும். 40-இல் ஏறத்தாழ 4, 5. 60-இல் 1 தேறினால் பெரிது. இதைத்தான் நம் பெரியவர்கள் சாளேசுரம், வெள்ளெழுத்து என்றார்கள். நோயல்ல, எல்லோருக்கும் வருவது.

இனி என் கதை. எனக்கு ஊர் சேரப்பணஞ்சேரி. படிப்பு முடிந்து, ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்தேன். சர்க்யூட் போர்டைக் கண்ணருகே பிடித்து சால்டரிங் பார்க்கும் வேலை. எங்கள் தெரு அக்கா ஒருவரும் அங்கே இருந்தார். தெருவில் என்னைத் தம்பி என்பார்; கம்பெனிக்குள் சார். வயது 43. திடீரென்று அவர் கையில் தப்புகள் கூடின. போர்டைத் தள்ளிப் பிடித்துப் பார்ப்பார். நான் மூன்று முறை 'கவனக்குறைவு' என்று எழுதினேன். அவரை பேக்கிங்கிற்கு மாற்றினார்கள். ஓவர்டைம் போயிற்று. ஆறு மாதத்தில் நின்றுவிட்டார்.

இதே கல்லூரியில் ஒளியியல் தாளில் கண்ணின் ஏற்பமைவுத் திறன் பற்றிப் படம் போட்டு எழுதி முழு மார்க் வாங்கியவன் நான். படத்தில் இருந்த கண் ஞாபகத்தில் இருந்தது; எதிரே இருந்த மனுஷியின் கண் தெரியவில்லை.

எனக்கு 44 ஆனபோது சம்பள ரசீதைத் தள்ளிப் பிடித்தேன். அப்போதுதான் உறைத்தது.

அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைத் தாண்டிய 751 தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. கிட்டப் பார்க்கும் கண்ணாடி கொடுத்ததும், பெறாதவர்களை ஒப்பிட, பறிக்கும் அளவு ஏறத்தாழ 22 சதவீதம் கூடியது. விலை குறைந்த ஒரு கண்ணாடி செய்த வேலை அது!

அக்கா இப்போது எங்கள் ஊரில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். போய் எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப கண்ணாடி போட்டிருந்தா சரியாயிருக்குமா தம்பி?" என்றார். ஆமாம்க்கா என்றேன். வேறொன்றும் பேசவில்லை. சாப்பிட்டதற்குக் காசும் வாங்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

இன்று எங்கள் பிரிவில் 40 தாண்டியவர்களுக்கு ஆண்டுதோறும் கிட்டப்பார்வைச் சோதனை உண்டு. விளக்கும் கூட்டியிருக்கிறோம்.

மாணவச் செல்வங்களே, நாளை நீங்களும் சூப்பர்வைசர் ஆவீர்கள். ஒருவர்மேல் 'கவனக்குறைவு' என்று எழுதுமுன், அவர் பொருளை எவ்வளவு தூரத்தில் பிடித்துப் பார்க்கிறார் என்று பாருங்கள்.

நண்பர்களே, இந்த மலரைக் கையை நீட்டாமல் படிக்க முடியவில்லையா? வெட்கப்படாமல் கண் டாக்டரைப் பாருங்கள்.